வீடு முழுக்க விளம்பரத்துக்குத் தடை: உள்ளங்கை அளவு கணினியில் 'பை-ஹோல்' அமைப்பது எப்படி? எதைத் தடுக்கும், எதைத் தடுக்காது?

திருச்சி கே.கே. நகரில் ஒரு நடுத்தர வீட்டை எடுத்துக்கொள்வோம். ஹாலில் ஸ்மார்ட் டிவி, ஆளுக்கொரு செல்போன், பிள்ளைக்கு ஒரு டேப்லெட், வேலைக்கு ஒரு லேப்டாப், வாசலில் வைஃபை கேமரா. எண்ணிப் பார்த்தால் எட்டு, பத்து கருவிகள் ஒரே ரவுட்டரில் தொங்கிக்கொண்டிருக்கும். அத்தனையிலும் விளம்பரம். டிவியின் முகப்புத் திரையிலேயே விளம்பரம், பிள்ளை விளையாடும் கேமில் நடுநடுவே விளம்பரம், செய்தி படிக்கப் போனால் பாதித் திரையை மூடும் விளம்பரம்.

லேப்டாப் பிரவுசரில் 'ஆட் பிளாக்கர்' போட்டுக்கொள்ளலாம். ஆனால் டிவியில் எப்படிப் போடுவது? கேம் செயலிக்குள் எப்படிப் போடுவது? இதற்குத்தான் உலகம் முழுக்கப் பலர் ஒரு வழியைக் கையாள்கிறார்கள். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் நீளமான ஒரு குட்டிக் கணினியை ரவுட்டர் பக்கத்தில் வைத்து, வீட்டின் மொத்த இணையத்துக்கும் ஒரே இடத்தில் வடிகட்டி போடுவது. அந்த மென்பொருளின் பெயர் 'பை-ஹோல்'. இலவசம். இதை எப்படி அமைப்பது, எங்கே சிக்கல் வரும், எதை எதிர்பார்க்கக் கூடாது? முழு விவரம் இதோ.

விளம்பரம் வீட்டுக்குள் எப்படி வருகிறது?

நீங்கள் ஒரு இணையதளத்தின் பெயரைத் தட்டியதும், உங்கள் போன் முதலில் ஒரு கேள்வி கேட்கிறது: "இந்தப் பெயருக்கு ஐபி எண் என்ன?" அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் ஏற்பாடுதான் டிஎன்எஸ். பெயரைக் கொடுத்தால் எண்ணைத் தரும் டெலிபோன் டைரக்டரி மாதிரி. 1983-ல் அமெரிக்கக் கணினி அறிஞர் பால் மொகாபெட்ரிஸ் இதை வடிவமைத்தார். அதற்கு முன்பு வலையில் இருந்த எல்லாக் கணினிகளின் பெயரும் ஒரே கோப்பில் எழுதி வைக்கப்பட்டு, அந்தக் கோப்பைத்தான் எல்லோரும் நகல் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. ஒரு செய்திப் பக்கத்தைத் திறந்தால் உங்கள் போன் கேட்பது ஒரு பெயரை மட்டும் இல்லை. செய்தி ஒரு சர்வரில் இருக்கும். விளம்பரம் வேறு நிறுவனத்தின் சர்வரில் இருக்கும். நீங்கள் எதைப் பார்க்கிறீர்கள், எவ்வளவு நேரம் பார்க்கிறீர்கள் என்று குறித்துக்கொள்ளும் டிராக்கர் இன்னொரு சர்வரில் இருக்கும். இப்படிப் பல பெயர்களுக்கு வரிசையாகக் கேள்வி போகும். செய்திக்கான கேள்விக்குப் பதில் கொடுத்துவிட்டு, விளம்பரத்துக்கான கேள்விக்குப் பதில் கொடுக்காமல் விட்டால்? செய்தி வரும், விளம்பரம் வராது. இந்தத் தொழில்நுட்பத்தின் மொத்த சூட்சுமமும் இவ்வளவுதான்.

பை-ஹோல் என்ன செய்கிறது?

தெருமுனைக் கடையில் ஒருவர் முகவரி விசாரிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல ஆளைத் தேடி வந்தால் கடைக்காரர் வழி சொல்வார். வம்பு பிடித்த ஆளைத் தேடி வந்தால், "அப்படி யாரும் இங்க இல்லீங்களே" என்று அனுப்பிவிடுவார். பை-ஹோல் அந்தக் கடைக்காரர்.

அதனிடம் விளம்பர, டிராக்கர் சர்வர்களின் பெயர்ப் பட்டியல் இருக்கும். வீட்டில் எந்தக் கருவி எந்தப் பெயரைக் கேட்டாலும் முதலில் பட்டியலைப் பார்க்கும். பட்டியலில் இருந்தால் 0.0.0.0 என்ற ஒன்றுக்கும் உதவாத எண்ணைப் பதிலாகக் கொடுக்கும். கருவி அதோடு நின்றுவிடும். பட்டியலில் இல்லாத பெயர் என்றால், கூகுள், கிளவுட்ஃப்ளேர் போன்ற வெளி டிஎன்எஸ் சேவையிடம் கேட்டு உண்மையான எண்ணை வாங்கிக் கொடுக்கும். விளம்பரம் வந்த பிறகு மறைக்கிற வேலை கிடையாது. அது வீட்டுக்குள் இறங்குவதே இல்லை என்பதால் டேட்டாவும் மிச்சம்.

அமெரிக்காவைச் சேர்ந்த ஜேக்கப் சல்மேலா தொடங்கிய திட்டம் இது. இப்போது உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் சேர்ந்து நடத்துகிறார்கள். மூல நிரல் எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது. 2025 பிப்ரவரியில் இதன் 6-ஆம் பதிப்பு வெளியானது.

என்னென்ன தேவை? செலவு எவ்வளவு?

பெயரில் உள்ள 'பை', ராஸ்ப்பெர்ரி பை என்ற குட்டிக் கணினியைக் குறிக்கிறது. பிரிட்டனில் மாணவர்களுக்கு நிரல் எழுதக் கற்றுக்கொடுக்க உருவான கணினி இது. 2012 பிப்ரவரி 29 அன்று முதல் மாடல் 35 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. பை-ஹோலுக்கு இதில் விலை குறைந்த மாடலே போதும்.

2021 அக்டோபரில் வெளியான 'ஜீரோ 2 டபிள்யூ' மாடல் 6.5 செ.மீ. நீளம், 3 செ.மீ. அகலம்தான். அறிமுக விலை 15 டாலர். இந்தியாவில் வரியும் கூரியரும் சேர்ந்து விலை கூடும் என்பதால் இரண்டு, மூன்று ஆன்லைன் கடைகளில் ஒப்பிட்டு வாங்குங்கள். இதில் நெட்வொர்க் கேபிள் செருகும் வசதி கிடையாது, வைஃபை மட்டும்தான். கேபிளில் இணைத்தால் இன்னும் உறுதியாக இருக்கும் என்று நினைப்பவர்கள் ராஸ்ப்பெர்ரி பை 3 அல்லது 4 மாடல் 'பி'-க்குப் போகலாம். இவற்றோடு நல்ல மெமரி கார்டு ஒன்று, சரியான பவர் அடாப்டர் ஒன்று. பழைய செல்போன் சார்ஜரைப் போட்டுச் சமாளிக்காதீர்கள். மின்னழுத்தம் குறைந்தால் கணினி அடிக்கடி திணறும்.

பரணில் தூங்கும் பழைய லேப்டாப் இருந்தால் அதில் லினக்ஸ் நிறுவியும் பயன்படுத்தலாம். 512 எம்பி ரேம் இருந்தாலே பை-ஹோல் ஓடும். ஆனால் லேப்டாப் அதிக மின்சாரம் இழுக்கும். குட்டிக் கணினி 2 வாட் இழுக்கிறது என்று வைத்தால், இரவு பகலாக ஓடினாலும் மாதத்துக்கு சுமார் 1.5 யூனிட். இரண்டு மாத பில்லில் 3 யூனிட். பில்லில் பெரிய வித்தியாசம் தெரியாது.

அமைப்பது எப்படி?

1. ராஸ்ப்பெர்ரி பை நிறுவனமே தரும் 'இமேஜர்' என்ற இலவச மென்பொருளை லேப்டாப்பில் இறக்கி, மெமரி கார்டில் 'ராஸ்ப்பெர்ரி பை ஓஎஸ் லைட்' பதிப்பை எழுதுங்கள். அப்போதே பயனர் பெயர், பாஸ்வேர்டு, வைஃபை விவரம் ஆகியவற்றைக் கொடுத்து, 'எஸ்எஸ்ஹெச்' வசதியையும் ஆன் செய்துவிடுங்கள். பிறகு தனியாக மானிட்டர், கீபோர்டு தேவைப்படாது.

2. கார்டைச் செருகி கணினியை ஆன் செய்யுங்கள். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்குள் போய், அந்தக் கணினிக்கு மாறாத ஐபி எண் ஒன்றை ஒதுக்குங்கள். உதாரணமாக 192.168.1.10. இந்த எண் மாறிக்கொண்டே இருந்தால் மற்ற கருவிகள் வழி தெரியாமல் நிற்கும்.

3. லேப்டாப்பிலிருந்து எஸ்எஸ்ஹெச் மூலம் உள்ளே நுழைந்து, பை-ஹோலின் அதிகாரப்பூர்வ தளத்தில் உள்ள ஒற்றை வரி நிறுவல் கட்டளையை அப்படியே நகலெடுத்துக் கொடுங்கள். வேறு ஏதோ வீடியோவின் கீழே இருக்கும் கட்டளையை நம்பிப் போடாதீர்கள். உங்கள் வீட்டின் மொத்த இணையமும் இதன் வழியாகத்தான் போகப்போகிறது.

4. திரையில் சில கேள்விகள் வரும். வெளி டிஎன்எஸ் எது, எந்தப் பட்டியல், பதிவேடு வைக்கவா என்று கேட்கும். முதலில் அது பரிந்துரைப்பதையே ஏற்றுக்கொள்ளலாம். கடைசியில் ஒரு பாஸ்வேர்டு காட்டும். குறித்து வையுங்கள்.

5. மறுபடியும் ரவுட்டர் பக்கம். 'டிஹெச்சிபி' பிரிவில் டிஎன்எஸ் என்ற இடத்தில் குட்டிக் கணினியின் எண்ணைக் கொடுங்கள். பிறகு கருவிகளின் வைஃபையை ஒருமுறை ஆஃப் செய்து ஆன் செய்தால் போதும்.

இணைய நிறுவனங்கள் கொடுக்கும் சில ரவுட்டர்களில் டிஎன்எஸ்-ஐ மாற்றும் இடம் பூட்டப்பட்டிருக்கும். அப்படியானால் ரவுட்டரின் டிஹெச்சிபி-யை ஆஃப் செய்துவிட்டு, பை-ஹோலில் உள்ள டிஹெச்சிபி-யை ஆன் செய்யலாம். அதுவும் முடியாவிட்டால் ஒவ்வொரு கருவியிலும் தனித்தனியாக டிஎன்எஸ் எண்ணை மாற்ற வேண்டும்.

எல்லாம் செய்தும் விளம்பரம் வருகிறதே, ஏன்?

பெரும்பாலும் மூன்று காரணங்கள்.

முதலாவது, இரண்டாவது டிஎன்எஸ். ரவுட்டரில் இரண்டு கட்டங்கள் இருக்கும். ஒன்றில் பை-ஹோல் எண்ணைப் போட்டுவிட்டு, 'எதற்கும் இருக்கட்டும்' என்று இரண்டாவதில் 8.8.8.8 போட்டுவிடுவார்கள். முதலாவது வேலை செய்யாதபோதுதான் இரண்டாவது என்று எந்த உத்தரவாதமும் கிடையாது. கருவிகள் இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்கும். வீட்டுக்கு முன்கதவைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்த கதைதான். இரண்டாவது கட்டத்தைக் காலியாக விடுங்கள், இல்லையெனில் அதே எண்ணைப் போடுங்கள்.

இரண்டாவது, ஐபிவி6. இன்றைய ஃபைபர் இணைப்புகளில் பழைய ஐபிவி4-உடன் ஐபிவி6-ம் சேர்ந்தே வருகிறது. ரவுட்டர் ஐபிவி6 வழியாகத் தனியாக ஒரு டிஎன்எஸ் முகவரியை அறிவித்துக்கொண்டிருந்தால், கருவிகள் அந்த வழியாக நழுவிவிடும். ஐபிவி6 பகுதியிலும் பை-ஹோலின் முகவரியைக் கொடுக்க வேண்டும், அல்லது ரவுட்டர் அந்த டிஎன்எஸ்-ஐ அறிவிப்பதை நிறுத்த வேண்டும்.

மூன்றாவது, கருவியே குறுக்கு வழி வைத்திருப்பது. ஆண்ட்ராய்டு 9 முதல் 'பிரைவேட் டிஎன்எஸ்' என்ற வசதி இருக்கிறது. அதில் வேறு சேவையின் பெயர் கொடுக்கப்பட்டிருந்தால் பை-ஹோலைக் கேட்காது. சில பிரவுசர்கள் டிஎன்எஸ் கேள்வியை மறைகுறியாக்கி நேராக வெளியே அனுப்பும். சில டிவி கருவிகளில் கூகுளின் டிஎன்எஸ் எண் உள்ளேயே எழுதப்பட்டிருக்கும்.

யூடியூப் விளம்பரம் நின்றுவிடுமா?

நிற்காது. இதை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது. யூடியூபில் வீடியோவும் விளம்பரமும் ஒரே கூகுள் சர்வர்களில் இருந்து வருகின்றன. பெயரை வைத்துப் பிரிக்க முடியாது. அந்தப் பெயரைத் தடுத்தால் வீடியோவும் சேர்ந்து போய்விடும். இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக்கில் பதிவுகளுக்கு நடுவே வரும் ஸ்பான்சர் பதிவுகளும் இதே வகைதான். நேரலை கிரிக்கெட்டின் நடுவே வரும் விளம்பரங்களும் வீடியோவோடு சேர்த்தே அனுப்பப்படுவதுண்டு.

இது நன்றாக வேலை செய்யும் இடங்கள்: இணையதளங்களில் வரும் பேனர்கள், இலவச கேம்கள், செயலிகளில் வரும் விளம்பரங்கள், ஸ்மார்ட் டிவி பின்னணியில் நிறுவனத்துக்கு அனுப்பும் தகவல்கள், டிராக்கர்கள். வீட்டை விட்டு வெளியே வந்து மொபைல் டேட்டாவுக்கு மாறியதும் இந்தப் பாதுகாப்பு இருக்காது.

ஏதாவது தளமோ செயலியோ திறக்காமல் போனால்?

நடக்கும். கூகுளில் தேடி, மேலே வரும் ஸ்பான்சர் முடிவைத் தொட்டால் பக்கம் திறக்காது. அந்த இணைப்பு விளம்பர சர்வர் வழியாகச் சுற்றிப் போவதுதான் காரணம். ஷாப்பிங் தள்ளுபடி இணைப்புகளிலும் இது நடக்கும். கூடுதல் பட்டியல்களை ஆசைப்பட்டுச் சேர்க்கச் சேர்க்க, வேண்டிய செயலிகளும் முரண்டு பிடிக்கத் தொடங்கும்.

தீர்வு எளிது. பை-ஹோலின் நிர்வாகப் பக்கத்தில் 'கேள்விப் பதிவேடு' இருக்கிறது. எந்தக் கருவி, எந்த நிமிடத்தில், எந்தப் பெயரைக் கேட்டு மறுக்கப்பட்டது என்பது அதில் தெரியும். அந்தப் பெயரை அனுமதிப் பட்டியலில் சேர்த்துவிட்டால் சரியாகிவிடும். அவசரம் என்றால் 5 நிமிடம் தடையை நிறுத்தி வைக்கும் பட்டனும் உண்டு. அதை வீட்டில் உள்ள மற்றவர்களுக்கும் சொல்லிக்கொடுங்கள். நீங்கள் ஊரில் இல்லாத நாளில் அம்மாவுக்கு ஒரு பக்கம் திறக்கவில்லை என்றால், மாட்டி வைத்தவருக்குத்தான் போன் வரும்.

கரன்ட் போனால் என்ன ஆகும்?

குட்டிக் கணினி நின்றுவிட்டால், இணைப்பு இருந்தாலும் 'இன்டர்நெட் இல்லை' என்றே எல்லாக் கருவியும் காட்டும். பெயருக்கு எண் சொல்ல ஆள் இல்லையே. ரவுட்டருக்கு யுபிஎஸ் வைத்திருப்பவர்கள் இதையும் அதிலேயே இணைத்துவிட வேண்டும்.

இன்னொரு சிக்கல் மெமரி கார்டு. எழுதிக்கொண்டிருக்கும்போது திடீரென்று மின்சாரம் போனால் கார்டு பழுதாக வாய்ப்புண்டு. பராமரிப்புப் பணிக்காக மின்தடை என்று முன்கூட்டியே அறிவிப்பு வரும் நாளில், கணினியை முறையாக 'ஷட் டவுன்' செய்துவிடுங்கள். அமைப்புகளை நகல் எடுத்து வைக்கும் வசதி நிர்வாகப் பக்கத்திலேயே இருக்கிறது. ஒருமுறை எடுத்து லேப்டாப்பில் வைத்துக்கொண்டால், கார்டு போனாலும் அரை மணி நேரத்தில் மீட்டுவிடலாம்.

தொல்லை மட்டும்தானா, பாதுகாப்புக்கும் உதவுமா?

விளம்பரம் இப்போது மோசடிக்காரர்களின் வாசலும்கூட. 2022 டிசம்பரில் அமெரிக்காவின் எஃப்பிஐ ஒரு எச்சரிக்கை வெளியிட்டது. தேடல் முடிவுகளில் பிரபல நிறுவனங்கள் போலவே விளம்பரம் கொடுத்து மக்களைப் போலித் தளங்களுக்கு இழுக்கிறார்கள் என்று சொல்லி, விளம்பரத் தடுப்பானைப் பயன்படுத்துமாறு அதில் பரிந்துரைத்தது. நம்மூரில் போலி கஸ்டமர் கேர் எண், போலி முதலீட்டுத் திட்டம், கடன் செயலி என்று வேறு வேறு உருவத்தில் வருகிறது. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளையும், அவற்றுக்கான விளம்பரங்களையும் 2025 ஆகஸ்டில் நிறைவேறிய மத்தியச் சட்டம் தடை செய்திருக்கிறது.

பை-ஹோல் இந்த வாசலைக் கொஞ்சம் குறுக்கும், முழுதாக மூடாது. நேற்று புதிதாகத் தொடங்கிய மோசடித் தளம் எந்தப் பட்டியலிலும் இருக்காது. வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பை நீங்களே நிறுவினால் இது தடுக்காது. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழைப்பதுதான் வழி.

வீட்டில் யார் எதைப் பார்க்கிறார்கள் என்று தெரிந்துவிடுமா?

ஓரளவுக்குத் தெரியும். பலர் யோசிக்காமல் விடுவது இதைத்தான். எந்தக் கருவி எந்தத் தளத்தின் பெயரைக் கேட்டது என்பது பதிவேட்டில் நேரத்தோடு இருக்கும். பக்கத்தில் என்ன படித்தார்கள், யாருக்கு என்ன எழுதினார்கள் என்பது தெரியாது. ஆனால் இரவு 2 மணிக்கு எந்தச் செயலி திறந்திருந்தது, யார் வேலை தேடும் தளத்துக்குப் போனார்கள், யார் மருத்துவத் தளத்தைப் பார்த்தார்கள் என்று ஊகிக்க இது போதும்.

கே.கே. நகர் போன்ற பகுதிகளில் கீழ் வீட்டில் உரிமையாளர், மாடியில் வாடகைக்கு இருப்பவர், இருவருக்கும் ஒரே வைஃபை என்பது புதிதல்ல. நிறுவனங்கள் நம்மைக் கண்காணிக்கின்றன என்று பை-ஹோல் வைத்துவிட்டு, நாமே மாடி வீட்டாரைக் கண்காணிப்பது நியாயமில்லை. பெயர்களையோ கருவி விவரங்களையோ பதிவு செய்யாமல் மறைக்கும் 'தனியுரிமை நிலை' அமைப்பு இதில் உண்டு. பதிவேட்டை முற்றிலும் நிறுத்தவும் முடியும். இப்படி ஒன்று வைத்திருக்கிறோம் என்று எல்லோரிடமும் சொல்லிவிடுவது அதைவிட முக்கியம்.

பிள்ளைகள் விஷயத்தில் சட்டமும் துணைக்கு வருகிறது. 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு, 18 வயதுக்குட்பட்டவர்களின் நடவடிக்கைகளை நிறுவனங்கள் பின்தொடர்வதற்கும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டுவதற்கும் தடை விதிக்கிறது.

இன்னொரு எச்சரிக்கை: வெளியூரில் இருந்தும் பயன்படுத்தலாமே என்று ரவுட்டரில் டிஎன்எஸ் போர்ட்டை வெளி உலகுக்குத் திறந்துவிடாதீர்கள். அப்படித் திறந்து கிடக்கும் டிஎன்எஸ் சர்வர்களைப் பிடித்து, மற்ற தளங்களைத் தாக்கப் பயன்படுத்துவது பழைய தந்திரம்.

தளங்களை முடக்குவதும் இதே முறையில்தானா?

ஆம். நீதிமன்றமோ அரசோ ஒரு தளத்தை முடக்கச் சொன்னால், இணைய நிறுவனங்கள் கையாளும் வழிகளில் டிஎன்எஸ் தடையும் ஒன்று. பெயரை மொத்தமாகத் தடுப்பது எவ்வளவு முரட்டுத்தனமானது என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே உதாரணம் உண்டு. 2012-ல் தனுஷ் நடித்த '3' உள்ளிட்ட படங்களின் திருட்டுப் பிரதிகளைத் தடுக்க சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. இணைய நிறுவனங்கள் விமியோ போன்ற தளங்களையே முழுதாக முடக்கிவிட்டன. எந்தப் பக்கத்தில் திருட்டுப் பிரதி இருக்கிறதோ அந்த முகவரியை மட்டும் தடுத்தால் போதும் என்று அந்த ஆண்டு ஜூனில் நீதிமன்றம் விளக்கம் தர வேண்டியிருந்தது. பை-ஹோலிலும் இதே குறை இருக்கிறது. ஒரு பெயரைத் தடுத்தால் அதில் உள்ள நல்லதும் சேர்ந்தே போகும். ஒரே வித்தியாசம், இங்கே பட்டியல் உங்கள் கையில் இருக்கிறது. தவறு என்று தெரிந்தால் நீங்களே திருத்தலாம்.

செய்தித் தளங்களுக்கு நஷ்டம் இல்லையா?

இருக்கிறது. நீங்கள் இப்போது படிக்கும் இந்தக் கட்டுரை உட்பட, இலவசமாகக் கிடைக்கும் செய்திகளுக்குப் பெரும்பாலும் விளம்பரம்தான் சம்பளம் கொடுக்கிறது. எல்லோரும் எல்லாவற்றையும் தடுத்தால் சந்தா கட்ட முடிந்தவருக்கு மட்டுமே செய்தி என்ற நிலை வரலாம். அதே நேரம், மூடும் பட்டனையே ஒளித்து வைத்து வாசகரை விரட்டும் விளம்பரங்களுக்கு வாசகரைக் குறை சொல்லவும் முடியாது.

பை-ஹோல் தளத்தை வைத்துத் தடுப்பதில்லை, விளம்பர சர்வரை வைத்துத்தான் தடுக்கிறது. எனவே பிடித்த ஒரு தளத்துக்கு மட்டும் விளம்பரத்தை அனுமதிப்பது இதில் கடினம். அப்படிச் செய்ய நினைத்தால் பிரவுசர் தடுப்பான்தான் வசதி, அதில் தளவாரியாக அனுமதி கொடுக்கலாம். உங்களுக்குப் பயன்படும் தளத்துக்குச் சந்தா இருந்தால் கட்டுவது இன்னும் நேரடியான வழி.

கணினி வாங்காமலே செய்ய முடியுமா?

முடியும். விளம்பரங்களை வடிகட்டும் ஆட்கார்ட் நிறுவனத்தின் பொது டிஎன்எஸ் இலவசம். ரவுட்டரில் 94.140.14.14 மற்றும் 94.140.15.15 என்ற இரண்டு எண்களைப் போட்டாலே பெரும்பகுதி வேலை முடிந்தது. விளம்பரம் பரவாயில்லை, வைரஸ் பரப்பும் தளங்களும் ஆபாசத் தளங்களும் மட்டும் வேண்டாம் என்றால் கிளவுட்ஃப்ளேரின் 1.1.1.3 போதும்.

இதில் ஒரு விலை உண்டு. உங்கள் வீட்டுக் கேள்விகள் எல்லாம் அந்த நிறுவனத்தின் வழியாகப் போகும். எதைத் தடுப்பது என்பதையும் அவர்களே முடிவு செய்வார்கள். பை-ஹோலில் பட்டியலும் பதிவேடும் உங்கள் வீட்டிலேயே இருக்கும், ஆனால் பராமரிப்பதும் உங்கள் பொறுப்பு.

எனவே முதலில் ரவுட்டரில் எண்ணை மாற்றி இரண்டு வாரம் பாருங்கள். வீட்டில் யாருக்கும் தொந்தரவு இல்லை, இன்னும் கட்டுப்பாடு வேண்டும் என்று தோன்றினால் குட்டிக் கணினியை வாங்கலாம். மாற்றுவதற்கு முன்பு ரவுட்டரில் ஏற்கெனவே இருந்த எண்களை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வேண்டாம் என்று முடிவு செய்தால், பழைய நிலைக்குத் திரும்ப அது ஒன்றே போதும்.